பழைய மடக்குச் சவரக்கத்தியை வாங்கித் தீட்டிப் பழகலாமா?

கேள்வி: தருமபுரியில் பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் ‘சோலிங்கன்’ முத்திரையுள்ள மடக்குச் சவரக்கத்தி 700 ரூபாய்க்கு இருக்கிறது, சற்றுத் துருப்பிடித்துள்ளது. தாத்தா வைத்திருந்ததைப் போன்றது என்பதால் நானே சீர்செய்து தீட்டப் பழக ஆசைப்படுகிறேன். இணையத்தில் ஏழு கற்கள் கொண்ட தொகுப்பை 6,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். இரண்டையும் வாங்கலாமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: கத்தியைப் பார்த்து வாங்குங்கள், கல் தொகுப்பு வேண்டாம்.

சோலிங்கன் என்பது கத்திகளுக்குப் பெயர்பெற்ற ஜெர்மானிய நகரம். வேற்றூர்ச் சரக்குக்கு அப்பெயரை இடுவதை ஜெர்மனி 1938 முதலே சட்டத்தால் தடுத்திருக்கிறது. ஆனாலும் முத்திரை இரும்பின் இன்றைய நிலையைச் சொல்லாது. கத்தியை விரித்து, விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். புள்ளியாக ஏதேனும் மின்னினால் அங்கே பல் விழுந்திருக்கிறது. கண்ணாடிப் பலகையின்மேல் படுக்க வைக்கும்போது ஆடினால் கத்தி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மயிரிழை போன்ற விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். முதுகில் உள்ள துரு தொல்லையில்லை. விளிம்பை ஒட்டிக் குழி விழுந்திருந்தால், தீட்டத் தீட்ட விளிம்பு அக்குழிக்குள் உடையும். பிடி யானைத் தந்தம் என்று பெருமையாகச் சொன்னால் விலகிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தந்த வணிகத்தைத் தடை செய்கிறது.

துருவைப் போக்கத் தையல் மெஷின் எண்ணெயும் மெல்லிய உப்புத்தாளும் போதும். பித்தளைப் பாத்திர நினைப்பில் புளியில் ஊறவைத்துவிடாதீர்கள், அமிலம் எஃகை அரிக்கும். பட்டறையில் கொடுத்து மின்சாரச் சாணையில் பிடிப்பது அதைவிடக் கேடு: மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும், அதன்பின் எந்தக் கல்லாலும் அந்தக் கூர் நிற்காது.

இனி கல். எண் கூடக்கூடக் கல் நைசாக இருக்கும். 1000 எண் கல் ஒன்றும், ஒருபுறம் 4000, மறுபுறம் 8000 உள்ள இருபக்கக் கல் ஒன்றும் தொடங்குபவருக்குப் போதும். சமையல் கத்தியைப்போல் சாய்த்துப் பிடிக்காமல், முதுகும் விளிம்பும் ஒருங்கே கல்லில் படும்படி படுக்க வைத்து, விளிம்பு முன்செல்லத் தள்ள வேண்டும்; சாய்வுக் கோணத்தை முதுகின் தடிமனே தந்துவிடும். வேலையின் பெரும்பகுதி 1000 கல்லில்தான். விளிம்பை ஒட்டிய சாய்வில் கறுப்பு மார்க்கரால் கோடிட்டு, இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எஞ்சியிருக்கும் இடத்தைக் கல் இன்னும் தொடவில்லை. கத்தி முன்கை முடியை நுனி முதல் அடி வரை சிக்கலின்றி எடுக்காதவரை அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். பொறுமையின்றி 8000க்குத் தாவுவதால்தான் பலரும் கத்தியைக் குறை சொல்கிறார்கள்.

கல்லின் முகம் தட்டையாக இருப்பது மிக முக்கியம். இதற்கெனத் தனிப் பலகை விற்கிறார்கள், வாங்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் கழித்துப்போட்ட, மெருகேற்றிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன்மேல் நீர் உப்புத்தாளை விரித்துக் கல்லைத் தேய்த்தால் சமமாகிவிடும்.

கல்லை இணையத்தில் வாங்கினால் பில்லை வைத்திருங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

கடைசியாக, கல்லில் தீட்டியபின் கத்தியை இழுத்து மெருகேற்றும் தோல் வார். கல்லுக்கு நேர்மாறாக இதில் முதுகு முன்செல்ல வேண்டும். தவறினால் வாரும் அறுந்து கூரும் போகும். உங்கள் ஊர்ப் பழைய சலூனில் வாரில் கத்தி தீட்டிப் பழகிய பெரியவர் எவரேனும் இருந்தால், கத்தியைத் திருப்பும்போது அவர் விரல்கள் செய்வதை அருகில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.