டோக்கன் உங்களுடையது, பின் நம்பர் யாருடையது?

கேள்வி: பீன்யாவில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறோம். பிரைவேட் லிமிடெட். நானும் மைத்துனரும் டைரக்டர்கள். பென் டிரைவ் மாதிரி இருக்கும் எங்கள் இருவருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் ஒன்றரை வருடமாக ஆடிட்டர் ஆபீசில்தான் இருந்தன. போன வாரம் கேட்டு வாங்கி வந்தேன். பின் நம்பர் என்னவென்று கேட்டால், “எல்லாருக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும்தான் சார்” என்கிறான் அங்கிருக்கும் பையன். இதை மாற்ற முடியுமா? மாற்றினால் உள்ளே இருக்கும் சான்றிதழ் அழிந்துவிடுமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: பையன் பொய் சொல்லவில்லை. பல பிராண்டு டோக்கன்கள் 12345678 என்ற பின்னோடுதான் கைக்கு வருகின்றன. விற்பவரும் மாற்றச் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. நானே ஓர் ஆபீசில் பார்த்திருக்கிறேன்: டிராயரை இழுத்தால் ரப்பர் பேண்ட் போட்ட டோக்கன் கட்டு, ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப்பில் முதலாளி பெயர். இரண்டு மூன்றில் பின் நம்பரும் அதே டேப்பில்!

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, இந்தக் கையெழுத்தும் நீங்கள் பேனாவால் போடுவதும் ஒன்றுதான். அதே சட்டத்தின் 42-வது பிரிவு, சாவி, அதாவது டோக்கனுக்குள் இருந்து கையெழுத்துப் போடும் ரகசியக் குறியீடு, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்கிறது. கைமாறிவிட்டது என்று சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் வரை பொறுப்பு உங்கள் தலையில்தான். உங்கள் ஆடிட்டர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். டிராயர் திறந்துதானே கிடக்கிறது?

சரி, மாற்றும் வேலை ஐந்து நிமிடம். டோக்கனைக் கம்ப்யூட்டரில் செருகி, அதனுடன் வரும் டோக்கன் மேனேஜர் மென்பொருளைத் திறந்து, ‘சேஞ்ச் யூசர் பின்’ என்பதை அழுத்துங்கள். பழைய பின் ஒரு தடவை, புதியது இரண்டு தடவை. சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ‘இனிஷியலைஸ்’ என்று ஒரு பட்டன் கண்ணில் பட்டால் அதன் பக்கமே போகாதீர்கள். அழுத்தினால் டோக்கன் துடைத்து வைத்த பலகைதான். புதிய பின்னுக்குக் கம்பெனி பதிவான தேதி வேண்டாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இன்னொன்று. சில மென்பொருள்கள் ஒரு தடவை பின் வாங்கிவிட்டால், டோக்கன் செருகியிருக்கும் வரை மறுபடி கேட்பதே இல்லை. ரிட்டர்ன் போடும் நாளில் நீங்களே டோக்கனோடு போங்கள், பின்னை நீங்களே அடியுங்கள், வேலை முடிந்ததும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆடிட்டர் முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை. மைத்துனரின் டோக்கனுக்கு அவரே பின் வைக்கட்டும். அது உங்களுக்கும் தெரிய வேண்டாம்.

கேள்வி: புதிய பின்னை மறந்து தப்புத் தப்பாக அடித்ததில் டோக்கன் லாக் ஆகிவிட்டது. விற்றவர் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்கிறார். உண்மையா?
– வாசகி, அல்சூர்

பதில்: பாதி உண்மை. யூசர் பின் தவிர, அட்மின் பின் என்று ஒன்று உண்டு. அது தெரிந்தால் லாக்கைத் திறந்து, சான்றிதழ் போகாமலே புதிய பின் வைக்கலாம். பெரும்பாலும் விற்றவரிடமோ டோக்கன் தயாரித்த நிறுவனத்திடமோதான் அது இருக்கும். முதலில் அதைக் கேளுங்கள். அதையும் நீங்களே ஊகித்து அடித்துப் பார்க்காதீர்கள், அதற்கும் இத்தனை தடவைதான் என்று வரம்பு உண்டு.

அட்மின் பின் கிடைக்கவே இல்லையென்றால், டோக்கன் இடம் கொடுத்தால் அதை இனிஷியலைஸ் செய்து, சான்றிதழை மட்டும் புதிதாக வாங்க வேண்டியதுதான். சாவியை நகல் எடுக்க முடியாதபடிதான் டோக்கனைச் செய்திருக்கிறார்கள், அதனால் பழையதை மீட்க வழியில்லை. ஆனால் இனிஷியலைஸ் செய்ய முடிந்தால் டோக்கன் என்ற பொருள் கெட்டுப்போகவில்லை. அதற்கும் சேர்த்துப் பில் போட்டால் ஏன் என்று கேளுங்கள். புதிய சான்றிதழ் வந்ததும் வருமான வரி இணையதளத்தில் மறுபடி பதிவு செய்ய மறக்காதீர்கள். கடைசி நாளன்று கையெழுத்து ஏறாமல் தவிப்பவர்கள் பாதிப் பேர் இதை விட்டவர்கள்தான்.