லூதர் கதவில் ஆணி அடித்தாரா? – திருச்சபைச் சீர்திருத்தவாதிகள் பற்றிய கேள்வி பதில்

கிறிஸ்தவ வரலாற்றில் பேர்பெற்ற தலைவர்கள், சீர்திருத்தவாதிகள் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் லுத்தரன், அதாவது லூதர் வழிச் சபை, வீட்டுப் பிள்ளை. அந்தச் சாய்வு எங்காவது எட்டிப் பார்த்தால் காதைத் திருகுங்கள்.

கேள்வி: 1517 அக்டோபர் 31 அன்று லூதர் ஆலயக் கதவில் 95 கருத்துரைகளை ஆணி அடித்து மாட்டினார் என்று பள்ளியில் படித்தோம். அப்படி நடக்கவே இல்லை என்கிறார்களே, எது உண்மை சார்?

அன்றைக்கு நிச்சயமாக நடந்தது ஒன்று உண்டு. ஜெர்மன் துறவியான லூதர் மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டுக்கு ஒரு கடிதம் எழுதி, அதோடு பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கேள்வி கேட்கும் அந்தக் கருத்துரைகளையும் அனுப்பினார். அந்தக் கடிதம் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது, தேதியோடு.

ஆணி அடித்ததாக லூதர் எங்கேயும் எழுதவில்லை. அவர் இறந்த 1546இல்தான் நண்பர் மெலங்தன் அதை எழுதுகிறார். மெலங்தன் அந்த ஆலயம் இருந்த விட்டன்பெர்க் ஊருக்கே 1518இல்தான் வந்தவர்! 1961இல் எர்வின் இசர்லோ என்ற கத்தோலிக்க வரலாற்றாசிரியர் இதைச் சுட்டிக்காட்டியதும் பெரிய சர்ச்சை ஆனது. அப்புறம் லூதரின் உதவியாளர் ரோரர் கைப்பட எழுதிய குறிப்பு ஒன்று 2006இல் கவனத்துக்கு வந்தது. ‘ஆலயங்களின் கதவுகளில்’ என்று அதில் பன்மையில் இருக்கிறது. ஆனால் ரோரரும் 1517இல் அந்த ஊரில் இல்லை.

என் கணிப்பு, கதவில் ஒட்டியிருப்பார்கள் என்பதுதான். கோட்டை ஆலயக் கதவு அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்தின் அறிவிப்புப் பலகை மாதிரி. விவாதத்துக்கு அழைக்கிறவர்கள் அங்கே தாள் ஒட்டுவது வழக்கம். கருத்துரைகளும் லத்தீனில் இருந்தன. தெருவில் போகிறவர் நின்று படிக்க எழுதியது அல்ல. சுத்தியலும் கையுமாக ஆவேசமாக நிற்கிற லூதர், பிற்கால ஓவியர்கள் நமக்குத் தந்தவர்.

கேள்வி: பாவமன்னிப்புச் சீட்டு என்றால் பாவத்துக்கு விலைப்பட்டியல் போட்டு விற்றார்களா?

கோட்பாட்டின்படி அப்படி இல்லை. பாவத்தை மன்னிப்பது குருவிடம் அதைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தில். மன்னித்த பிறகும் அனுபவித்துத் தீர்க்க வேண்டிய தண்டனை மிச்சம் இருக்கும், அதை இறந்த பிறகு ஆன்மா தூய்மையாகும் உத்தரிக்கும் ஸ்தலத்தில் கழிக்க வேண்டும், சீட்டு அந்தத் தண்டனையைத்தான் குறைக்கும் என்பது போதனை. ஆனால் ஊர் ஊராகப் போன டெட்ஸல் போன்ற பிரசங்கிகள் இந்த நுணுக்கத்தையெல்லாம் விளக்கிக்கொண்டு நிற்கவில்லை.

உள்ளே இருந்த கணக்குதான் சுவாரசியம். ஆல்பிரெக்ட் ஏற்கெனவே மாக்டெபர்க் பேராயர். மைன்ஸ் பதவியும் வேண்டும் என்றார். வயது போதாது, இரண்டு பதவி சட்டப்படி கூடாது. இதற்கெல்லாம் விலக்கு வாங்க ரோமுக்குப் பெரும் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஃபுக்கர் என்ற வட்டித்தொழில் குடும்பத்திடம் கடன் வாங்கினார். சீட்டு விற்ற பணத்தில் பாதி ரோமில் புனித பேதுரு ஆலயம் கட்ட, பாதி இந்தக் கடனை அடைக்க. டெட்ஸலோடு ஃபுக்கர் ஆட்களும் போய்ப் பெட்டியைக் கணக்குப் பார்த்தார்கள். லூதருக்கு இந்தப் பாதிப் பங்கு ஏற்பாடு அப்போது தெரியாது. தெரியாமலேயே 86ஆம் கருத்துரையில் கேட்டிருக்கிறார்: பெரும் பணக்காரரான போப், ஏழை விசுவாசிகளின் காசை விட்டுவிட்டுத் தன் சொந்தக் காசில் அந்த ஆலயத்தைக் கட்டக் கூடாதா?

கேள்வி: ஜான் ஹஸ் இதே மாதிரிதானே பேசினார்? அவரை எரித்தார்கள், லூதர் எப்படித் தப்பினார்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. போஹீமியாவின் குருவான ஹஸ் துணிச்சலில் ஒரு மாற்றும் குறைந்தவர் அல்ல. கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்துக்கு வந்து போகும் வரை பாதுகாப்பு என்று சிகிஸ்மண்ட் அரசர் உறுதிமொழி கொடுத்தார். நம்பிப் போனார். சிறையில் போட்டு, 1415 ஜூலை 6 அன்று எரித்தார்கள். அவருக்கு முன்னோடியான இங்கிலாந்தின் விக்ளிஃப் 1384லேயே படுக்கையில் இறந்துவிட்டவர். அதே சங்கம் அவருக்கும் பதிதர், அதாவது தவறான போதனைக்காரர், என்று பட்டம் கட்டியது. 1428இல் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்துச் சாம்பலை ஆற்றில் கொட்டினார்கள். செத்து 44 வருடம் ஆனவர் மேல் அவ்வளவு பயம்.

லூதருக்கு இரண்டு விஷயம் கைகொடுத்தது. ஒன்று அச்சு. எழுதிய சில வாரங்களில் கருத்துரைகள் பல ஊர்களில் அச்சாகிவிட்டன. ஆளைப் பிடித்தாலும் தாளைப் பிடிக்க முடியாது. இன்னொன்று, அவருடைய நாட்டுத் தலைவர் சாக்சனி இளவரசர் பிரெடரிக். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு வைத்திருந்த ஏழு பேரில் ஒருவர். 1519இல் தேர்தல் வந்தது. ரோமுக்கு அவர் தயவு தேவைப்பட்டது. அதனால் லூதர் விஷயத்தில் கை ஓங்காமல் இழுத்தடித்தார்கள். 1521இல், பேரரசர் முன் பதில் சொல்லப் போன வொர்ம்ஸ் நகர மன்றத்திலிருந்து திரும்பும் வழியில் பிரெடரிக் ஆட்களே லூதரைக் ‘கடத்திக்கொண்டு’ போய் வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்தார்கள். அங்கே தாடி வளர்த்து, பெயரை மாற்றிக்கொண்டு, சுமார் பதினொரு வாரத்தில் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

கேள்வி: வொர்ம்ஸில் “இங்கே நிற்கிறேன், வேறொன்றும் செய்ய இயலாது” என்று சொன்னாரா?

மன்றத்தின் பதிவில் அந்த வரி இல்லை. அச்சான பதிப்பில் பின்னால் சேர்ந்திருக்கிறது. தன் மனச்சாட்சி தேவனுடைய வார்த்தைக்குக் கட்டுப்பட்டது என்று சொன்னது பதிவில் உண்டு. எனக்கு அதுவே போதும்.

கேள்வி: கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை அரசு மதமாக்கி, நிசேயாவில் வைத்து பைபிள் புத்தகங்களையும் பொறுக்கி எடுத்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

இரண்டும் தவறு. 313இல் ரோமப் பேரரசரான அவர் கொடுத்தது வழிபாட்டுச் சுதந்திரம். அரசு மதமாக்கியது தியோடோசியுஸ், 380இல். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம் பேசியது குமாரன் பிதாவுக்குச் சமமானவரா என்பதை. எந்தெந்தப் புத்தகம் என்பதை அல்ல. இன்று நாம் வைத்திருக்கும் 27 புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை அப்படியே வரிசையாகச் சொல்கிற முதல் பட்டியல், 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய உயிர்த்தெழுதல் திருநாள் கடிதத்தில் வருகிறது. அந்த மனிதர் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அசிசி பிரான்சிஸை ஏன் யாரும் சீர்திருத்தவாதி என்று சொல்வதில்லை? நான் கத்தோலிக்கர், ஆதங்கத்தில் கேட்கிறேன்.

ஆதங்கம் நியாயம்தான். அவரைத் தனியாகப் பார்க்காமல், வால்டோ என்பவரோடு சேர்த்துப் பாருங்கள். லியோன் நகரத்துப் பணக்கார வியாபாரி. 1170களில் சொத்தைக் கொடுத்துவிட்டு, சுவிசேஷத்தை மக்கள் மொழியில் எழுத வைத்து, ஏழையாகத் தெருவில் பிரசங்கித்தார். பிரான்சிஸும் வியாபாரி மகன். அசிசி ஆயர் முன்னால் உடுத்தியிருந்த துணியையும் அப்பாவிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர். கிட்டத்தட்ட ஒரே வாழ்க்கை.

1179இல் வால்டோவின் ஆட்கள் ரோமுக்குப் போனார்கள். ஏழ்மையாக வாழுங்கள், உள்ளூர் குருமார் அனுமதி இல்லாமல் பிரசங்கிக்காதீர்கள் என்று பதில் வந்தது. அவர்கள் பிரசங்கத்தை நிறுத்தவில்லை. 1184இல் சபைக்கு வெளியே தள்ளினார்கள். பிரான்சிஸ் 1209இல் போனபோது போப் மூன்றாம் இன்னொசென்ட் வாய்மொழியாக அனுமதி கொடுத்தார். பிரான்சிஸ் கீழ்ப்படிகிறவர் என்பது ஒரு காரணம். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஆளை எடைபோடத் தெரிந்தவர் என்பதையும் நான் பாதிக் காரணமாக வைப்பேன். ஒருவர் புனிதர் ஆனார், இன்னொருவர் பதிதர் ஆனார். வால்டோ வழியினரிடம் போப் பிரான்சிஸ் 2015இல் டூரின் நகரில் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அந்தப் போப் தனக்குத் தேர்ந்தெடுத்த பெயர் அசிசியாருடையது.

கேள்வி: சீர்திருத்தவாதிகள் எல்லாரும் ரோமை எதிர்த்தவர்கள்தானே, தங்களுக்குள் ஏன் பிரிந்தார்கள்? இன்றைக்கு இத்தனை சபை இருப்பதற்கு அதுதானே காரணம்?

அவசரமாகப் படிக்காமல் இதை மெதுவாகப் படியுங்கள். 1529 அக்டோபர், மார்பர்க் கோட்டை. ஹெஸ்ஸே இளவரசர் பிலிப் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வைக்கிறார். ஒரு பக்கம் லூதரும் மெலங்தனும், இன்னொரு பக்கம் சூரிக்கின் ஸ்விங்லி. பேச்சு தொடங்கும் முன்பே லூதர் சாக்பீஸால் மேசை மேல் லத்தீனில் எழுதுகிறார்: ‘இது என் சரீரம்’. எழுதி, மேசை விரிப்பால் மூடி வைக்கிறார்.

திருவிருந்தின் அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் உண்மையாகவே இருக்கிறதா, அல்லது அப்பம் அதற்கு அடையாளமா? இதுதான் சண்டை. ஸ்விங்லி யோவான் 6ஆம் அதிகாரத்தை எடுத்தார்: “ஆவியே உயிர்ப்பிக்கிறது, மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது.” இந்த வசனம் உங்கள் கழுத்தை முறிக்கும் என்றார். இங்கே கழுத்துகள் அவ்வளவு சுலபமாக முறியாது, நீங்கள் இருப்பது ஹெஸ்ஸே, சுவிட்சர்லாந்து அல்ல என்றார் லூதர். அது எங்கள் ஊர்ப் பேச்சு வழக்கு, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஸ்விங்லி சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. சான்று கேட்டபோதெல்லாம் லூதர் விரிப்பைத் தூக்கி அந்த எழுத்தைக் காட்டினார்.

கடைசியில் 15 விஷயங்கள் எழுதினார்கள். 14இல் முழு உடன்பாடு. பதினைந்தாவதிலும் பெரும்பகுதி ஒத்துப்போனது. அந்தச் சரீரம் பற்றிய ஒரு வரிதான் நின்றது. சகோதரர்களாகவாவது பிரிவோம் என்று ஸ்விங்லி கண்ணீரோடு கேட்டார். லூதர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடத்தில் ஸ்விங்லி காப்பெல் என்ற இடத்தில் நடந்த போரில் இறந்துபோனார். லுத்தரன் வீட்டுப் பிள்ளையாகச் சொல்கிறேன், அந்த நாளில் லூதர் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: கால்வின் ஒரு மனிதரை உயிரோடு எரித்தார். லூதர் யூதர்களைப் பற்றி எழுதியது சொல்லவே கூசும். இவர்களைப் போய்ப் பெரிய தலைவர்கள் என்கிறீர்களே?

மழுப்ப மாட்டேன். எரிக்கப்பட்ட அந்த மனிதர் மிகையேல் செர்வேத்துஸ், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவத்தை மறுத்தவர். நுரையீரல் வழியாக இரத்தம் சுற்றிவருவதை எழுதிய மருத்துவரும்கூட. கத்தோலிக்க விசாரணைச் சிறையிலிருந்து தப்பி ஜெனீவாவுக்கு வந்தார்; ஆலயத்தில் அடையாளம் கண்டு பிடித்தார்கள். 1553 அக்டோபர் 27 அன்று எரித்தார்கள். தீர்ப்பு நகர மன்றத்தினுடையது. எரிக்காமல் வாளால் வெட்டுங்கள் என்று ஜெனீவாவின் சீர்திருத்தத் தலைவரான கால்வின் கேட்டார். ஆனால் கைது செய்ய வைத்ததும், சாகவேண்டும் என்று நினைத்ததும் அவரேதான். ‘அந்தக் காலம் அப்படி’ என்று சொல்லித் தப்ப முடியாது. அதே காலத்தில், முன்பு ஜெனீவாவில் பள்ளித் தலைவராக இருந்த காஸ்தெல்லியோ எழுதினார்: ஒரு மனிதனைக் கொல்வது ஒரு கோட்பாட்டைக் காப்பது அல்ல, ஒரு மனிதனைக் கொல்வதுதான்.

லூதரின் 1543ஆம் வருடத்து நூல் யூதர்களின் ஜெபாலயங்களை எரிக்கச் சொல்கிறது. 1525இல் விவசாயிகள் கிளர்ந்தபோது, அவர்களை வெட்டிச் சாய்க்கச் சொல்லிப் பிரபுக்களுக்கு எழுதியதும் அவர்தான். அமெரிக்காவின் பெரிய லுத்தரன் சபை 1994இல் அந்த யூத வெறுப்பு எழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்தது. ரொம்பத் தாமதம்.

கேள்வி: பெண்களே இல்லையா அக்காலத்தில்?

இருந்தார்கள் அம்மா, படம்தான் மாட்டவில்லை. 1523இல் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகம் ஒரு இளம் மாணவனை மிரட்டி, லூதரின் கருத்துகளை விட்டுவிட்டதாகச் சொல்ல வைத்தது. ஆர்குலா ஃபான் குரும்பாக் என்ற பெண் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். எனக்கு லத்தீன் தெரியாது, உங்களுக்கு ஜெர்மன் தெரியும், வாருங்கள் விவாதிப்போம் என்று. கடிதம் அச்சாகிப் பல பதிப்பு ஓடியது. பல்கலைக்கழகம் பதிலே போடவில்லை. அதற்குப் பதில் அவர் கணவரின் வேலை போனது.

லூதரின் மனைவி கத்தரீனாவும் மடத்திலிருந்து ஒரு வியாபாரியின் வண்டியில் ஒளிந்து தப்பி வந்த கன்னியாஸ்திரிதான். வீட்டுக் கணக்கு, தோட்டம், மாடு, மாணவர் விடுதி எல்லாம் அவர் கையில். கத்தோலிக்கப் பக்கம் அவிலா தெரேசா: 1562இல் சின்னதாக ஒரு மடம் தொடங்கித் தன் துறவுச் சபையையே புரட்டிப் போட்டார். அவரோடு உழைத்த சிலுவையின் யோவானைச் சொந்தச் சபைத் துறவிகளே டொலேடோவில் அடைத்து வைத்தார்கள். கத்தோலிக்கச் சபை தன்னைச் சீர்படுத்த 1545இல் தொடங்கிய திரெந்து சங்கத்தைவிட இவர்கள்தான் எனக்குப் பெரிய சீர்திருத்தமாகத் தெரிகிறார்கள்.

கேள்வி: மெதடிஸ்ட் சபையை வெஸ்லி எந்த வருடம் தொடங்கினார்? தேர்வுக்கு வேண்டும்.

தேர்வில் என்ன எழுதச் சொல்கிறார்களோ அதை எழுதுங்கள். உண்மையில் அவர் 1791இல் சாகும் வரை ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், குருவாகவே இருந்தார். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் யாரோ லூதரின் ரோமர் நிருப முன்னுரையை வாசிக்க, அவர் மனம் மாறியது.

கேள்வி: இவர்களில் ஒருவரோடு ஒரு சாயங்காலம் பேசலாம் என்றால் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

வில்லியம் டிண்டேல். 1526இல் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டை வெளிநாட்டில் அச்சிட்டு ரகசியமாக அனுப்பியவர். காட்டிக்கொடுத்துப் பிடித்து, பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் வில்வோர்டு கோட்டையில் அடைத்தார்கள். அங்கிருந்து லத்தீனில் அவர் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. குளிர்காலம் வருகிறது. தலையில் சளி பிடித்திருக்கிறது, கதகதப்பான தொப்பி ஒன்று வேண்டும். இருக்கிற மேலங்கி மெல்லியது, வேறு வேண்டும். காலுறை ஒட்டுப்போடத் துணி வேண்டும். ராத்திரியில் ஒரு விளக்கு வேண்டும், இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது சலிப்பாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக எபிரேய பைபிளும் எபிரேய இலக்கணமும் அகராதியும் வேண்டும், படிக்க.

1536இல் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். மூன்று வருடத்தில் அரசர் உத்தரவோடு இங்கிலாந்து ஆலயங்களுக்குப் பெரிய ஆங்கில பைபிள் வந்தது. அதில் பெரும்பகுதி வாசகம் டிண்டேலுடையது. அவர் பெயர் மட்டும் போடவில்லை.