வார்னிஷ் அடித்ததும் சிப்பாய்கள் வெளுத்துப்போனால்

ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: பேராக்கில் ஜப்பானியரோடு நடந்த 1942 கம்பார் சண்டையை மேசைப் போர் விளையாட்டாக ஆட 15 மில்லிமீட்டர் உயரச் சீக்கியச் சிப்பாய்ப் பொம்மைகளுக்கு வண்ணமடித்து, ஏர்கோன் அறையில் காயவைத்து, பால்கனியில் வைத்து மேட் (மினுமினுப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். எல்லாம் வெள்ளை பூத்துவிட்டது, அவற்றை நிறுத்த மணல் ஒட்டிய எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகைகளும் வளைந்துவிட்டன. காப்பாற்ற வழியுண்டா?

உண்டு. அவசரப்பட்டுச் சுரண்டிவிடாதீர்கள், வெளுத்திருப்பது மேலே உள்ள வார்னிஷ்தான், தலைப்பாகையின் காக்கி அடியில் பத்திரமாக இருக்கும்.

வினையே அந்த ஏர்கோன்தான். குளிர்ந்து கிடந்த உலோகப் பொம்மையைப் பினாங்குக் காற்றில் கொண்டுவந்து வைத்தால், ஷாப்பிங் மாலைவிட்டு வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி பூத்துப்போகிற மாதிரி அதன்மேல் ஈரம் படிகிறது. அது போதாதென்று ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பை இன்னும் குளிரவைக்க, அந்த ஈரம் காய்ந்துகொண்டிருக்கும் வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது, ஒளி அதில் பட்டுச் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. டப்பாவை ரொம்பத் தள்ளிப் பிடித்தாலும் துளிகள் வழியிலேயே காய்ந்து தூசாக விழும், ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு ஈரத்தின்மேல்தான் சந்தேகம்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லிசாக ஒரு பூச்சு, முதலில் ஒரே ஒரு சிப்பாய்க்கு. ஈரம் விட்டுப்போன நுண்ணிய பள்ளங்களை அது நிரப்பியதும் பெரும்பாலும் வண்ணம் திரும்பிவிடும். ஒரு ராத்திரி விட்டு, தூரிகையாலேயே மேட் பூசி அந்தப் பளபளப்பைக் கொன்றுவிடுங்கள். மேட் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும், மினுமினுப்பை அடக்கும் தூள் அடியில் தங்கிவிடும். இவ்வளவு சின்னப் பொம்மைக்கு ஸ்ப்ரே தேவையே இல்லை என்பது என் கட்சி. அடித்தே தீருவேன் என்றால், மழை பெய்யாத நாளின் பிற்பகலில், பொம்மைகளை ஓரிரு மணிநேரம் முன்பே வெளியே வைத்துவிட்டு அடியுங்கள்.

பலகை வளைந்ததற்குக் காரணம் வேறு. எம்.டி.எஃப் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் குடித்து உப்புகிறது, அப்புறம் வெள்ளைப் பசை காயும்போது சுருங்கி அந்தப் பக்கமாக இழுக்கிறது. அடிப்பக்கத்திலும் நீர்த்த பசையைத் தடவினால் இழுப்பு ஓரளவு சமமாகும். பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும் பதத்திலேயே ஓரங்களைக் கிளிப் போட்டு ஒரு தட்டையான கட்டையோடு இறுக்கிவிடுங்கள். அடுத்த தடவை மணல் ஒட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் பெயிண்ட் அடித்துவிடுங்கள், அல்லது 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடே வாங்கிவிடுங்கள், ஈரத்துக்கு அது அசையாது.

மணல் பத்து ஃபிரிங்கி கடற்கரையில் அள்ளியது என்றால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைத்த பிறகே ஒட்டுங்கள், உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ரப்பர் தோட்டச் சருகுக்காகக் குடித்த தேயிலைத் தூளைத் தூவும் யோசனை சிலருக்கு வரும். அதை அடுப்பில் வாட்டி ஈரம் போக்கி, மேலே நீர்த்த பசையால் மூடாவிட்டால் நம் ஊரில் பூஞ்சை பிடித்துவிடும்.