மடக்கு சைக்கிள்: அசல் வாங்குவதா, நகல் வாங்குவதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மடக்கு சைக்கிளைப் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: தினமும் ரயிலில் ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போகிறேன். இறங்கியபின் அலுவலகத்துக்கு மூன்று கிலோமீட்டர். லண்டன் பிராம்ப்டன் மடக்கு சைக்கிள் லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். பார்க்க அதே போல, அதே மாதிரி மூன்றாக மடியும் ஒன்று இணையத்தில் 32,000 ரூபாய். எதை வாங்குவது?
– அரசு ஊழியர், மண்டபம்

பதில்: மடிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. பின்சக்கரம் அடியில் சுழன்று உள்ளே போக, சட்டம் (ஃப்ரேம்) நடுவில் மடங்க, ஹேண்டில் பார் பக்கவாட்டில் இறங்கும் அந்த முறையை 1970-களில் லண்டனில் உருவாக்கியவர் ஆண்ட்ரூ ரிச்சி. மடித்துவிட்டால் நீளமும் உயரமும் அறுபது செ.மீ.யை ஒட்டி இருக்கும், அகலம் 27 செ.மீ. வழக்கமான எஃகு வகையின் எடை பதினொன்று, பன்னிரண்டு கிலோ. நல்ல நகல்கள் இந்த அளவை எட்டிவிடுகின்றன. சிலவற்றில் கியர்கள் அசலின் பல வகைகளைவிட அதிகம்கூட.

விலை வித்தியாசம் கீல்களில் இருக்கிறது. உங்கள் முழு எடையும் சட்டத்தின் நடுவில் உள்ள ஒரு கீலிலும், ஹேண்டில் தண்டின் அடியில் உள்ள இன்னொரு கீலிலும் நிற்கிறது. அசலில் எஃகுக் குழாய்களைப் பித்தளை உருக்கிக் கையால் பற்றவைக்கிறார்கள். பழைய மாடலுக்கும் உதிரிப் பாகம் செய்கிறார்கள். நகலில் அந்தக் கீல் நன்றாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கையில் வந்ததும் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நடுக்கீலில் 'டக்' என்று சிறு அசைவு தெரிந்தாலும் திருப்பி அனுப்புங்கள். கீலை ஒட்டிய பற்றவைப்பில் பெயின்ட் மயிரிழை அளவு வெடித்திருந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

நகல் என்பதற்காக நான் யாரையும் தடுக்க மாட்டேன். மலேசியாவின் த்ரீசிக்ஸ்டி, இந்தோனேசியாவின் எலிமென்ட் பைக்ஸ் போன்றவை அதே பாணியில், சொந்தப் பெயரைப் போட்டே விற்கின்றன. செய்தவர் யார் என்று தெரிகிறது. எனக்குக் கோபம் வருவது பெயரே இல்லாத வண்டிகள் மேல். சட்டத்தில் ஒரு கவர்ச்சியான ஸ்டிக்கர், பெட்டியில் வெறும் மாடல் எண், உத்தரவாத அட்டையில் ஒரு வாட்ஸ்அப் எண். இறக்குமதியாளர் யார், எந்த ஊர் என்ற தகவலே கிடையாது. இப்படி ஒன்றை நானும் மதுரையில் வாங்கினேன். அந்தக் கோடைக்குள்ளேயே ஹேண்டில் தண்டின் கொக்கி தானாகத் திறக்க ஆரம்பித்தது. விற்ற கடை "கம்பெனியிடம் கேளுங்கள்" என்றது. எந்தக் கம்பெனி என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. ஓடும்போது ஹேண்டில் மடங்கினால் தாடை உடையும். அதை எனக்கு விற்றவர் அன்று மாலையும் இன்னொருவருக்கு அதே வண்டியை விற்றுக்கொண்டிருந்தார்.

நுகர்வோர் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. பொருளால் உடலுக்குக் காயம் ஏற்பட்டு, உற்பத்தியாளர் யாரென்று தெரியாவிட்டாலோ அவர் இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவராக இருந்தாலோ, விற்றவரே பொறுப்பு என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-வது பிரிவு சொல்கிறது. இணைய விற்பனையில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதைக் காட்டியே ஆக வேண்டும். விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் இவை. வாங்குகிறவர்கள் கேட்பதில்லை என்பதால்தான் விற்கிறவர்கள் மறைக்கிறார்கள்.

தினமும் ரயிலில் ஏற்றி இறக்கும் உங்களுக்கு மூன்றாக மடியும் வண்டி உண்மையில் பயன்படும். மூன்று கிலோமீட்டருக்கு லட்சம் ரூபாய் தேவையில்லை. இறக்குமதியாளரின் முகவரி பெட்டியில் இருந்தால், பில் கிடைத்தால், கீல் அசையாமல் இருந்தால் அந்த நகலை வாங்குங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

கேள்வி: நகல் வாங்குவது குற்றமா?
– மாணவர், பரமக்குடி

பதில்: இல்லை. காப்புரிமையின் (பேட்டன்ட்) ஆயுள் 20 ஆண்டு. பிராம்ப்டன் மடிப்பின் மூலக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு கொரிய நிறுவனத்தோடு நடந்த வழக்கில், வடிவம் படைப்பாளியின் சொந்தப் படைப்பாக இருந்தால் அது தொழில்நுட்பத் தேவைக்கு உதவினாலும் பதிப்புரிமை (காப்பிரைட்) கோரலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020 ஜூன் 11-ல் சொன்னது. அது தயாரிப்பாளர்களுக்கிடையிலான வழக்கு. உங்களை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் நகலின்மேல் அசலின் பெயரை ஒட்டி விற்பது போலி. அதை விற்பவர் குற்றவாளி.

கேள்வி: 'அசல் லண்டன் வண்டி, ஒரு கை மாறியது' என்று ஒரு கடையில் 45,000 ரூபாய்க்கு வாங்கினேன். பிராம்ப்டன் என்று எழுதியிருந்தது. பழுது பார்க்கக் கொண்டுபோனபோது நகல் என்றார்கள். பெயர் எழுத்து ஸ்டிக்கராக உரிந்து வருகிறது, சட்டத்தில் வரிசை எண்ணே இல்லை. பில் தரவில்லை. பணம் ஜிபேயில் அனுப்பினேன். என் மகளின் கல்லூரிக்காகச் சேர்த்த பணம்.
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உங்கள்மேல் தவறு இல்லை. பெயரைப் பார்த்து நம்பினீர்கள், அந்தப் பெயரை ஒட்டியவன்தான் ஏமாற்றினான். மனம் தளர வேண்டாம், உங்கள் வழக்கு வலுவானது.

ஜிபே பதிவு நீங்கள் பணம் கொடுத்ததற்குச் சாட்சி. பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, எனவே பில் இல்லாதது கடைக்காரருக்குத்தான் பாதகம். உரிந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் போடாதீர்கள், படம் எடுத்து அப்படியே வையுங்கள். பழுது பார்த்தவரிடம் நகல் என்பதைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். கடைக்குப் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்ட்டில் பதினைந்து நாள் கெடு கொடுத்து ஒரு கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லிவிட்டு, ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேளுங்கள். காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: பார்சல் வந்தபோதே கீல் அருகில் ஒரு கீறல் இருந்தது. பெயின்ட்தான் என்று விட்டுவிட்டேன். நான்கு மாதம் ஓட்டினேன். இப்போது சட்டம் பிளந்துவிட்டது. பெட்டியை எறிந்துவிட்டேன், படம் எடுக்கவில்லை. பணம் கிடைக்குமா?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: கீலில் கீறலைப் பார்த்த பிறகும் நான்கு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள். பின்னால் வந்த பஸ்ஸுக்கு அடியில் விழாமல் தப்பித்தது பெரிய விஷயம். பார்சலைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் வீடியோ எடுங்கள் என்று இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். இப்போது இணையக் கணக்கில் உள்ள ஆர்டர் பதிவை எடுங்கள், உடைந்த இடத்தைப் படம் பிடியுங்கள், குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். கிடைக்கலாம். ஆனால் பிளந்த இடத்தை வெல்டிங் வைத்து மறுபடி ஓட்டாதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள்.

கேள்வி: அலுமினியச் சட்டம் உள்ள மடக்கு சைக்கிள். சீட் கம்பி இறங்க மறுக்கிறது. வாரம் ஒரு முறை தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். துரு உத்தரவாதத்தில் வராது என்கிறார்கள்.
– ஆசிரியை, தேவிபட்டினம்

பதில்: எந்தத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறீர்கள்? நம் கரையோரத்தில் பல வீடுகளின் போர்த் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் கடற்காற்று வாரம் முழுவதும் செய்கிற வேலையை நீங்கள் ஒரே நாளில் செய்துவிடுகிறீர்கள். குடிக்கிற தண்ணீரில் நனைத்த துணி போதும். துடைத்து உலர்த்துங்கள், பிறகு செயினுக்கும் கீல் ஊசிகளுக்கும் எண்ணெய் விடுங்கள்.

அலுமினியமும் எஃகும் உப்பு ஈரத்தில் ஒட்டி நின்றால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாக இடுக்கில் இறுகிவிடும். உங்கள் சீட் கம்பி சிக்கியது அதனால்தான். சுத்தியலால் அடிக்க வேண்டாம். துரு தளர்த்தும் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். வெளியே வந்ததும் மெல்லிய கிரீஸ் பூசி, மாதம் ஒரு முறை கழற்றி மாட்டுங்கள். சட்டத்துக்குள் பிளாஸ்டிக் உறை உள்ள வண்டிகளுக்கு மட்டும் இந்தக் கிரீஸ் ஆகாது, கம்பி வழுக்கி இறங்கிவிடும். உத்தரவாதத்தைப் பொறுத்தவரை அட்டையில் அரிப்பு விலக்கு என்று எழுதியிருந்தால் கடைக்காரர் சொல்வது சரி. அசலுக்கும் அப்படித்தான்.

கேள்வி: 16 அங்குல மடக்கு சைக்கிளுக்குக் குழந்தைகள் சைக்கிளின் 16 அங்குல டயர் வாங்கினேன். ஏறவில்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்.
– வாசகர், தொண்டி

பதில்: டயர் பக்கவாட்டில் உள்ள அளவு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைப் பாருங்கள். குழந்தைகள் சைக்கிளில் 305, பிராம்ப்டனிலும் அதன் நகல்கள் பலவற்றிலும் 349. அங்குலம் ஒன்றுதான், ரிம் வேறு. டயரில் குறை இல்லாததால் கடைக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது, கேட்டுப் பார்க்கலாம். 349 டயர் நம் பக்கத்துக் கடைகளில் கிடைப்பது அரிது. வண்டி வாங்கும்போதே இரண்டு டயர், இரண்டு டியூப் சேர்த்து வாங்க வேண்டும். இனி வாங்குபவர்கள் 20 அங்குலம், 406 எண் உள்ள வண்டியைப் பாருங்கள். டஹோன் நிறுவனத்தின் மடக்கு சைக்கிள்கள் பல இந்த அளவில் வருகின்றன. நம் ஊர்க் குழந்தைகள் சைக்கிள் பலவற்றுக்கும் இதே அளவு என்பதால் ராமநாதபுரத்திலேயே டயர் கிடைக்கும்.

கேள்வி: துபாயிலிருந்து அண்ணன் அசலைக் கொண்டு வருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று விற்கும் கடையிடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல் போதாது.

கேள்வி: முழங்கால் வலி உள்ள அப்பா வீட்டிலிருந்து மசூதிக்குப் போய்வர மடக்கு சைக்கிள் நல்லதா?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: ரயிலிலோ பஸ்ஸிலோ ஏற்றப் போவதில்லை என்றால் மடிக்கும் வண்டியே வேண்டாம். தாழ்ந்த சட்டமுள்ள சாதாரண சைக்கிள் பாதி விலையில் கிடைக்கும்.