கேமரா கிளினிக்: ஷட்டர் இழுக்கிறதா?

கேள்வி: என் யாஷிகா மேட் 124ஜி கேமராவில் 1/60க்கு மேலான வேகங்கள் சரியாக இருக்கின்றன. 1 நொடி, 1/2 நொடி வைத்தால் மட்டும் ஓசை பாதியில் நின்று, ஷட்டர் திறந்தபடியே இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா?

ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டாம். எல்லா வேகங்களுக்கும் விசை தருவது அதே ஸ்பிரிங்தான். அது தளர்ந்திருந்தால் 1/250, 1/500 தான் முதலில் கெட்டிருக்கும். மெதுவான வேகங்களில் ஷட்டர் மூடுவதைத் தாமதப்படுத்த ஒரு சிறு பல்சக்கரத் தொகுதி உண்டு. 'ஸ்ர்ர்' என்று கேட்பது அதன் ஓசை. பழைய எண்ணெய் அதில் பிசினாக இறுகியிருக்கும். ஏசி அறையில் அதிகமாக இழுத்து, வெயிலில் கொஞ்சம் சரியானால் சந்தேகமே வேண்டாம்.

லைட்டரில் ஊற்றும் நாப்தா திரவம்தான் மருந்து. ஆனால் ஷட்டருக்குள் அப்படியே ஊற்றிவிடாதீர்கள். கரைந்த அழுக்கு, ஒளியைத் திறந்து மூடும் மெல்லிய தகடுகளான பிளேடுகளுக்கு இடையே போய்ப் படியும். சில நாளில் பழைய கதையே திரும்பும். தொகுதியைத் தனியே கழற்றி நாப்தாவில் அலசி, உலரவிட்டு, அச்சு முனைகளில் மட்டும் ஊசி நுனியால் கடிகார எண்ணெய் தொட்டு வைப்பதே முறை. கழற்றுவதற்கு முன் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கோடு கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். நூலளவு உள்ளே தள்ளி அமர்ந்தாலும் 1 நொடி நீண்டுவிடும்.

பிளேடுகளில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால், முன் லென்ஸைக் கழற்றி, பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு நாப்தா தொட்டுத் துடைத்து, இருபது முறை இயக்கி, மீண்டும் துடையுங்கள். பஞ்சு வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். பிளேடுக்கு எண்ணெய் எந்தக் காலத்திலும் கூடாது.

அக்ஃபா இசொலெட் போன்ற மடிப்புக் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் முன் லென்ஸைச் சுழற்றித்தான் ஃபோகஸ் செய்கிறோம். முடிவிலிக் குறியை (∞, மிகத் தொலைவுக்கான ஃபோகஸ்) அடையாளம் வைக்காமல் கழற்றினால் ஃபோகஸ் போய்விடும். அக்ஃபாவின் பச்சை கிரீஸ் பசைபோல் இறுகும் என்பதால், முன் லென்ஸோடு நடு லென்ஸும் சேர்ந்து சுழன்று வரக்கூடும்.

கேள்வி: ஷட்டர் வேகத்தை வீட்டிலேயே அளக்க முடியுமா? 1/500 சரிதானா என்று எப்படித் தெரியும்?

நொடிக்கு 240 ஃபிரேம் பிடிக்கும் ஃபோன் மெதுவான வேகங்களுக்குப் போதும். கேமராவின் பின்மூடியைத் திறந்து, லென்ஸுக்கு முன் ஒரு விளக்கை வைத்து, ஃபிலிம் இருக்கும் பக்கத்திலிருந்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். வெளிச்சம் தெரியும் ஃபிரேம்களை எண்ணினால் 1 நொடிக்கு 240, 1/4க்கு 60, 1/15க்கு 16, 1/30க்கு 8 வர வேண்டும். அதற்கு மேல் நம்பாதீர்கள். எட்டில் ஒன்று பிசகினாலே 12 சதவீதத்துக்கு மேல் பிழை.

வேகமானவற்றுக்கு ஒரு ஃபோட்டோ டிரான்சிஸ்டரைக் கணினியின் மைக் துளையில் இணைத்து ஒலியாகப் பதிவு செய்யலாம். நொடிக்கு 44,100 மாதிரிகள் பதிவாகும்போது 1/500 என்பது சுமார் 88 மாதிரிகள். பிளேடுகள் விரியவும் சுருங்கவும் நேரம் பிடிக்கும். எனவே அலையின் அடியிலிருந்து அளக்காமல் பாதி உயரத்திலிருந்து பாதி உயரம்வரை அளந்துகொள்ளுங்கள்.

இப்படிப் பிளேடுகள் விரிந்து மூடும் பழைய லீஃப் ஷட்டரில் 1/500 என்பது 1/350 ஆக ஓடினால் அதை நோய் என்று சொல்ல மாட்டோம். அரை ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு); நெகட்டிவ் ஃபிலிம் தாங்கிவிடும், ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. ஐந்து முறை அளந்து ஐந்தும் ஒன்றாக வந்தால், அளவை ஒரு சீட்டில் எழுதிக் கேமராவில் ஒட்டிக்கொண்டு படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால்தான் திறக்க வேண்டும்.

கேள்வி: ஹாசல்பிளாட் 500சி/எம். 1/2, 1 நொடியில் எடுத்த நெகட்டிவ்கள் மட்டும் வெளிறி வருகின்றன. காதுக்கு ஷட்டர் ஓசை சரியாகவே இருக்கிறது.

ஷட்டரும் சரியாகவே இருக்கலாம், விரலைக் கவனியுங்கள். இந்தக் கேமராவில் லென்ஸில் உள்ள ஷட்டரோடு, உடலின் பின்புறம் இரண்டு மடல்களும் உண்டு. பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் அவை மூடிக்கொள்ளும். லென்ஸ் ஷட்டர் இன்னும் திறந்திருந்தாலும் ஃபிலிமுக்கு ஒளி போகாது. லென்ஸ் ஷட்டர் மூடும்வரை அழுத்தியே பிடியுங்கள். பூட்டுத் திருகு உள்ள கேபிள் ரிலீஸ் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: பென்டகான் சிக்ஸில் 1/1000 வைத்தால் படத்தின் ஒரு ஓரம் இருண்டு போகிறது. 1/60இல் இல்லை.

இதில் துணித்திரைகள் இரண்டு. நடுவில் உள்ள இடைவெளி ஃபிலிமைக் கடந்து போகிறது. 1/1000இல் அந்த இடைவெளி மிகக் குறுகியது. முதல் திரை கடைசியில் சற்றுத் திணறினாலும் இரண்டாவது அதை எட்டிப் பிடித்துவிடும். ஸ்பிரிங்கை முறுக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். உருளைகளின் அச்சுகளைச் சுத்தம் செய்து துளி எண்ணெய் இட்ட பிறகும் குறை இருந்தால் மட்டும் கால் சுற்று முறுக்கி, இடம், நடு, வலம் என மூன்று இடங்களில் அளந்து பாருங்கள்.

கேள்வி: பழைய இரட்டை லென்ஸ் கேமரா. எலக்ட்ரானிக் ஃபிளாஷ் எரிகிறது, படத்தில் ஒன்றுமே இல்லை.

ஷட்டர் ஓரத்து நெம்புகோல் 'எம்'மில் இருக்கும். அது ஃபிளாஷ் பல்பு காலத்து அமைப்பு. பல்பு சூடேறட்டும் என்று ஷட்டர் தாமதித்துத் திறக்கும். அதற்குள் எலக்ட்ரானிக் ஃபிளாஷ் அணைந்துவிடுகிறது. எலக்ட்ரானிக் ஃபிளாஷுக்கான 'எக்ஸ்'ஸுக்கு மாற்றுங்கள். 'வி' பக்கம் மட்டும் போகாதீர்கள்: அது செல்ஃப் டைமர். அது இறுகிப்போயிருந்தால் ஷட்டரையும் நடுவழியில் நிறுத்திவிடும்.