சிலிண்டருக்கு மாறியபின் மஞ்சள் தீ: காற்றுத் தகட்டை விட்டுவிட்டு ஜெட்டைப் பாருங்கள்

வணக்கம் சகோதரி. குழாய் கியாஸ் இருந்த சிங்கப்பூர் ஈசூன் வட்டார வீட்டிலிருந்து சிலிண்டர் வீட்டுக்கு அதே அடுப்பைக் கொண்டுபோனதாகவும், தீ மஞ்சளாக உயர்ந்து பானை அடி கரி பிடிப்பதாகவும், கியாஸோடு கலக்கும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் காற்றுத் தகட்டை முழுக்கத் திறந்தும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

தயவுசெய்து அந்த அடுப்பை இன்றே நிறுத்திவிடுங்கள். நம் சிங்கப்பூர்க் குழாய் கியாஸில் ஹைட்ரஜன் அதிகம், அதே அளவு சிலிண்டர் கியாஸைவிடச் சூடு குறைவு. அதனால் அந்த அடுப்பின் ஜெட், அதாவது பர்னருக்குள் கியாஸைப் பாய்ச்சும் சிறு மூக்கு, பெரிய துளையோடு இருக்கும். சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும். பல மடங்கு சூடு. பெரிய துளையில் அது கொட்டினால் எவ்வளவு காற்று விட்டாலும் போதாது. அரைகுறையாக எரியும் தீ கார்பன் மோனாக்சைடைக் கக்கும், அதற்கு வாசனையே கிடையாது. வீட்டில் கைக்குழந்தை இருப்பதாக வேறு சொல்கிறீர்கள்.

எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற கியாஸ் பணியாளரை அழைத்து ஜெட்டை மாற்றச் சொல்லுங்கள். உங்கள் மாடலுக்கு சிலிண்டர் ஜெட் கிடைக்காவிட்டால் புது அடுப்புதான் வழி. துளையை நீங்களே அடைத்துச் சிறிதாக்க வேண்டாம்.

மாற்றிய பிறகுதான் காற்றுத் தகடு. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நுனி மஞ்சளானால் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள். தீ பர்னரை விட்டு எழும்பி இரைந்தால் கொஞ்சம் மூட வேண்டும். பர்னரின் ஒவ்வொரு துளையிலும் கூரான நீலக் கூம்பு அசையாமல் நிற்க வேண்டும். என் அடுப்பில் அப்படி நின்ற அன்றிலிருந்து தோசைக்கல் அடி கருக்கவில்லை.

மாற்றியதும் தீ எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.