எட்டு மாதக் குழந்தைக்குத் தண்ணீராகப் பேதி: ஓ.ஆர்.எஸ். எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

நீங்கள் அனுப்பிய கேள்வி இது: எட்டு மாதக் குழந்தைக்கு 8 கிலோ எடை, நேற்றிலிருந்து ஆறு முறை பேதி, கொடுத்த ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்) வாந்தியாகிறது, என்ன செய்வது?

முதலில் பாக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு ஒன்று, 200 மில்லிக்கு ஒன்று என இரண்டு அளவில் வருகிறது. லிட்டர் பாக்கெட்டில் கொஞ்சம் எடுத்து டம்ளரில் கலக்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகலாம். குறைந்தால் இழந்த உப்பு ஈடாகாது. டம்ளர் அளவு வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே லிட்டர் பாக்கெட் என்றால், கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்து, பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள்; சின்ன பாக்கெட் என்றால் 200 மில்லி மட்டும் அளந்துகொள்ளுங்கள். கலந்தபின் சூடாக்கக் கூடாது. 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

ருசிக்காகச் சர்க்கரை சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்து நுழைகின்றன, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. சர்க்கரை மிஞ்சினால் தண்ணீர் எதிர்த்திசையில் குடலுக்குள் இழுக்கப்பட்டு, பேதி இன்னும் அதிகமாகும். மருந்துக்கடையில் கிடைக்கும் சில அட்டைப்பெட்டிப் பானங்களிலும் சர்க்கரை மிஞ்சும் இதே சிக்கல். தரப்படுத்திய கலவையாக இல்லாத உணவுப் பொருள்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

ஒவ்வொரு முறை பேதியானதும் 50 முதல் 100 மில்லி கொடுங்கள். பால்புட்டி வேண்டாம்; மடமடவென்று உள்ளே போனால்தான் வாந்தி. பாலாடையிலோ ஸ்பூனிலோ ஒரு நிமிடத்துக்கு 5 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக ஆரம்பியுங்கள். பொறுமைதான் இங்கே பாதி வைத்தியம். தாய்ப்பாலையும் வழக்கமான குழைந்த சாதத்தையும் நிறுத்தாதீர்கள். 'பல் முளைக்குது, அப்படித்தான் போகும்' என்று பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயது இது, கிருமி அப்படித்தான் போகிறது. பேதியை நிறுத்தும் லோபரமைட் போன்ற மாத்திரை இந்த வயதில் ஆபத்து.

கண் உள்வாங்கியிருந்தால், தாகத்தோடு பறந்து குடித்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டதும் உடனே படியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். அங்கே கிலோவுக்கு 75 மில்லி, அதாவது உங்கள் குழந்தைக்கு 600 மில்லி, நான்கு மணி நேரத்தில் கண்காணித்துக் கொடுப்பார்கள். துவண்டு கிடந்தால், குடிக்கவே முடியாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாவிட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வாய்வழி பயன்படாதபோது டிரிப்ஸ் வேண்டியிருக்கும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால், அறிகுறி பார்க்காமலே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கூடவே துத்தநாகம், அதாவது ஜிங்க் மாத்திரை: ஆறு மாதம் தாண்டியதால் தினம் 20 மில்லிகிராம். ஸ்பூனில் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துக் கொடுங்கள். மூன்றாம் நாளே பேதி நின்றுவிட்டாலும் 14 நாளும் முடிக்க வேண்டும்.